கசில்தா வீட்டுத் தாய்ப்பூச்சி

கசில்தா வீட்டுச் சாயப்பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் வருகிற சிவப்பு வேறு யார் வீட்டுப் பூச்சியிலும் வராது. கருஞ்சிவப்பு. எத்தனை தடவை கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். கம்பளி நெய்கிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அவள் வாசலில் காத்துக் கிடந்து வாங்கிப் போவார்கள். ஊரில் யாரும் இதை மறுத்ததில்லை. மறுத்துவிட்டு கசில்தாவின் வாயில் விழ யாருக்குத் தைரியம் இருக்கிறது?

அந்தப் பூச்சி அவள் அப்பா விட்டுப்போனது. வீட்டுக்குப் பின்னால் நீளமான கொட்டகை. சப்பாத்திக்கள்ளி மடல்களை வெட்டிக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பாள். சினையான பூச்சியை அங்கே தாய் என்றுதான் சொல்வார்கள். விரல் பருமனுக்கு ஓலையில் கூடு முடைந்து, அதற்குள் தாய்களைப் போட்டு, கூட்டை முள்ளால் மடலில் குத்தி வைத்துவிட வேண்டும். குஞ்சுகள் கூட்டிலிருந்து ஊர்ந்து வந்து மடலில் வாயைக் குத்திக்கொண்டு உட்காரும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், சாகிறவரை எழுந்திருக்காது. மேலே வெள்ளை மாவு பூக்கும், உள்ளே சிவப்பு ஊறும். கசில்தாவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பூச்சிதான்.

புதிதாகக் கொட்டகை போடுகிறவர்களுக்கு உறவுக்காரர்கள் தாய்க்கூடு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். கெலகெத்ஸா என்பார்கள். இன்றைக்கு நான் உனக்குக் கொடுக்கிறேன், உன் அறுவடையில் குறையாமல் நீ எனக்குத் திருப்பு. கல்யாணத்துக்கு வான்கோழி கொடுப்பதும் அப்படித்தான், சாவுக்குச் சோளம் கொடுப்பதும் அப்படித்தான். கேட்டு, இல்லை என்று சொன்னவர்கள் அந்த ஊரில் கிடையாது. கசில்தா மட்டும் இல்லை என்று சொன்னாள்.

கேட்டது வேறு யாரும் இல்லை, தம்பி ஒதிலோனின் பெண்டாட்டி மக்காரியா. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். ரொட்டியும் சாக்லேட்டும் வைத்த கூடையோடு வாசலில் வந்து நின்றாள். கசில்தா உள்ளே கூப்பிடவில்லை.

"அண்ணி, கொட்டகை போட்டாச்சு. கொஞ்சம் தாய்க்கூடு குடுத்தீங்கன்னா..."

"எங்கப்பா பூச்சி எங்கப்பா கொட்டகைய விட்டு வெளிய போகாது."

"உங்க தம்பிக்கும் அவர்தானே அப்பா?"

"தம்பி எல்லை தாண்டி வடக்க போய் எவன் ஹோட்டல்லயோ தட்டு கழுவிட்டிருந்தானே, அப்ப மழையில இதுங்களுக்கு சாக்கு போத்தினது யாரு? நீயா? வந்துட்டா பங்கு கேக்க! உங்கம்மா ஊர்ல பூச்சி இல்லையா? அங்க போய்க் கேளு, போ."

கசில்தா ரொட்டிக் கூடையை மட்டும் கை நீட்டி வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். சும்மா சொல்லக்கூடாது, ரொட்டி நன்றாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கொட்டகைப் பரணில் எடுத்து வைத்திருந்த தாய்க்கூடுகளில் ஒரு கொத்து காணாமல் போனது. அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்க்கூட்டம் கூடியபோது எழுந்து நின்று, மக்காரியாவை நோக்கி விரலை நீட்டி, "இவ திருடி" என்றாள். மக்காரியா சிலுவை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். ஒதிலோன் அசட்டுத்தனமாக நடுவில் புகுந்து, "அக்கா, எலியா இருக்கும்க்கா. அந்தப் பரண்ல எலி ஓடும்னு அப்பாவே சொல்லுவாரே" என்றான்.

"ஆமா, எலிதான். ரெண்டு கால் எலி. உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கு பாரு."

கூட்டமே சிரித்தது. சாட்சி இல்லை என்று தலைவர் விட்டுவிட்டார், ஆனால் சொன்ன சொல் ஒட்டிக்கொண்டது. மக்காரியா சந்தையில் குனிந்து தக்காளி பொறுக்கினால் கடைக்காரி அவள் கையையே பார்த்தாள். கம்பளிக்காரர்கள் அவள் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. சில மாதத்தில் அவள் கொட்டகையில் பூச்சி வெள்ளை வெளேரென்று பூத்ததை வேலிக்கு மேலே எக்கிப் பார்த்த கசில்தாவுக்கு வயிறு எரிந்தது. "எங்கேர்ந்து வந்துச்சாம்? வானத்துலேர்ந்து கொட்டுச்சா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். அதற்கு மக்காரியா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே கசில்தா சாட்சியாக வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷ மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வெட்டிய மடல்களின் அடியில் அழுகல் பிடித்து, கொழகொழவென்று நாறி, பூச்சியோடு சேர்ந்து கீழே விழுந்தன. கசில்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. பூச்சிமருந்து என்ற பேச்சையே அவள் கொட்டகையில் எடுக்க முடியாது. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த ஆளைக்கூட உள்ளே விடமாட்டாள், சோப்பு பட்டால் பூச்சி செத்துப்போகும். மருந்துக்கடையில் போய் நின்றபோதும் முதல் கேள்வி அதுதான்.

"பூச்சிய ஒண்ணும் பண்ணாதே? நிஜமா சொல்லு, இல்லன்னா உன் கடையக் கொளுத்திடுவேன்."

"இது மாட்டுக்குப் போடற ஆன்டிபயாடிக் பொடிம்மா. கிருமியத்தான் கொல்லும். பூச்சி மேல கரைச்சு ஊத்தினாக்கூட ஒண்ணும் ஆகாது" என்றான் கடைக்காரன். அவன் சொன்னதில் பொய் இல்லை.

கசில்தா தெளிக்கவில்லை. தெளித்தால் மேலோடு போய்விடும், அழுகல் உள்ளே அல்லவா ஏறுகிறது? மடலை வெட்டியதும் வெட்டுவாயைப் பொடி கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தாள். மடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. அதற்குப் பிறகு கயிற்றில் கட்டினாள். பழைய மடல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுக் கொட்டகை முழுக்க மருந்து குடித்த மடலாகவே தொங்கவிட்டு, இருந்த தாய் அத்தனையையும் அதில் குத்தினாள். ஒரு மடல்கூட அழுகவில்லை. பச்சைப்பசேல் என்று நின்றன. ஊரெல்லாம் அழுகலில் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, "மூளை வேணும்டி, மூளை" என்று தண்ணீர்க் குழாயடியில் பெருமை அடித்துக்கொண்டாள்.

குஞ்சுகள் வந்தன, உட்கார்ந்தன. மாவும் பூத்தது. ஆனால் வளரவில்லை. மிளகு அளவுக்கு வர வேண்டியது கடுகு அளவில் நின்றுவிட்டது. நசுக்கினால் சிவப்பு வெளிறி, கழுவின மாதிரி வந்தது. அதிலேயே பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி மறுபடி கூட்டில் போட்டாள். அரைகுறையாக முட்டை வைத்தன. பொரிந்ததும் பாதி உட்காராமலே காய்ந்து உதிர்ந்தது. மீதி உட்கார்ந்து, குடித்து, அப்படியே செத்தது. மடல் மட்டும் பச்சையாக இருந்தது.

வேறு யார் செய்வார்கள்? வேலியோரம் போய் நின்று கத்தினாள்.

"அடியே மக்காரியா! வெளிய வாடி! என் கொட்டகைல சோப்புத் தண்ணி ஊத்தினியா?"

மக்காரியா ஈரக் கையோடு வெளியே வந்தாள். "சோப்புத் தண்ணியா? துணி துவைக்கவே எங்க வீட்ல சோப்பு பத்தலை, அண்ணி. உங்க பூச்சிக்கு எதுக்கு செலவு பண்ணணும்?"

"திருடினது பத்தலையா? இருக்கறதயும் அழிக்கணுமா? வயித்தெரிச்சல் புடிச்சவளே!"

"எனக்கு எதுக்கு வயித்தெரிச்சல்? என் பூச்சி நல்லாத்தானே இருக்கு. எட்டிப் பாக்கறீங்களே தெனம், தெரியலையா?"

கசில்தா ஒரு கல்லை எடுத்து வீசினாள். மக்காரியாவின் கோழி மேல் பட்டது. கோழி போட்ட கூச்சலில் தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. அதற்குள் மக்காரியா உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். கசில்தாதான் கல்லும் கையுமாக நின்றாள், கேவலமாகப் போயிற்று.

வேறு வழி இல்லாமல் மடல் ஒன்றை சாக்கில் சுற்றிக்கொண்டு பட்டணத்து ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள். அங்கே நொயெமி என்று ஒரு விவசாய இன்ஜினியரம்மா. சின்ன வயசு, காலில் சேறு, பேச்சில் பொறுமை. பூச்சிகளை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வரச் சொன்னாள். கசில்தா போனபோது, என்ன மருந்து போட்டீர்கள், எப்படிப் போட்டீர்கள் என்று முதலிலிருந்து கேட்டாள். கசில்தா சொன்னாள், கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள்.

"என்ன வியாதி? யார் வெச்சது?"

"வியாதி இல்லம்மா. உங்க பூச்சிக்குள்ள ஒரு கிருமி இருக்கணும். அது இல்ல. அதான் பிரச்சினை."

"கிருமி இல்லாததா பிரச்சினை? என்கிட்டயே கதை விடறியா?"

நொயெமி கோபப்படவில்லை. "மடல்ல இருக்கற சாறு என்ன? சக்கரைத் தண்ணி. சக்கரைத் தண்ணிய மட்டும் குடிச்சு உடம்பு வளருமா? சதை போட வேற சத்து வேணும், அது அந்தச் சாறுல இல்ல. பூச்சிக்கு அதத் தானே பண்ணிக்கவும் தெரியாது. உள்ள இருக்கற கிருமிதான் பண்ணிக் குடுக்குது. காத்துலேர்ந்து எடுக்கும், பூச்சி வேண்டாம்னு ஒதுக்கற கழிவுலேர்ந்தும் எடுக்கும்னு நெனைக்கறோம். பூச்சி அதுக்கு இடமும் சக்கரையும் குடுக்குது. நம்ம வழக்கப்படி சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேக வெக்காம வெறும் சோளமாவே தின்னா என்ன ஆகும்? வயிறு ரொம்பும், உடம்பு தேறாது. உங்க பூச்சி அப்படித்தான், வயிறு நிறையக் குடிச்சு பட்டினில செத்துது."

"அப்ப அந்தக் கிருமிய..."

"நீங்க கொன்னுட்டீங்க. மடல் மருந்தைக் குடிச்சுது, பூச்சி மடலைக் குடிச்சுது. அழுகல் கிருமியும் போச்சு, இதுவும் போச்சு. அந்தப் பொடிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"கடையில கிடைக்குமா அது?" என்று கேட்டாள் கசில்தா.

"எங்கயும் கிடைக்காது. தாய் முட்டைக்குள்ள வெச்சு அனுப்பணும், குஞ்சு அதோடவே பொறக்கணும். வேற வழியே இல்ல. எங்க நிலையத்துல பூச்சி இருக்கு, தரேன். ஆனா அது வேற வம்சம், உங்க சிவப்பு வராது." நொயெமி கொஞ்சம் யோசித்தாள். "உங்க வீட்டுப் பூச்சி வேற யார்கிட்டயாவது இருக்கா? மருந்து குடிக்காதது? யாருக்காவது தாய்க்கூடு குடுத்திருப்பீங்களே. உங்க ஊர்ல எல்லாரும் குடுப்பாங்களே?"

கசில்தா எழுந்து வந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வரும்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இருக்கிறது! மக்காரியாவிடம் இருக்கிறது! பரணிலிருந்து போன ஒரு கொத்து, அப்பாவின் பூச்சி, பொடியே படாத பூச்சி, வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறது. ஐயோ, அந்தத் திருட்டு முண்டை நன்றாக இருக்கட்டும்! ஊரைக் கூட்டித் திருடி என்று சொன்ன அதே வாயால், மாதாவே, அவள் திருடியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மெழுகுவர்த்தி ஏற்றுவதாகவும் நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் மக்காரியாவின் வாசலில் போய் நின்றாள். கையில் ரொட்டிக் கூடை. மக்காரியா கூடையையும் பார்த்தாள், நாத்தனாரையும் பார்த்தாள்.

"உள்ள வாங்க."

"பரவால்ல, இங்கயே நிக்கறேன். எனக்குக் கொஞ்சம் தாய்க்கூடு வேணும்."

மக்காரியா சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. "எங்கிட்டயா? திருடிகிட்டயா?"

"இங்க பாரு, பழசையெல்லாம் கிளறாத. என் பூச்சி செத்துப்போச்சு. ஒண்ணு இல்ல. உன்கிட்ட இருக்கு, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆம்பளைங்க மாதிரி மொறைச்சுகிட்டு நின்னா அப்பா பூச்சி அழிஞ்சு போயிடும்."

"தரேன்."

கசில்தா இதை எதிர்பார்க்கவில்லை.

"என் கொட்டகைல இருக்கறதுல நல்லதாப் பொறுக்கித் தரேன். ஆனா நான் சந்தைக்குப் போனா அந்தக் கடைக்காரி என் கையையே பாக்கறா. உங்க தம்பி கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காருறாரு. எந்தக் கூட்டத்துல திருடின்னு சொன்னீங்களோ அதே கூட்டத்துல எழுந்து நின்னு, மக்காரியா திருடலைன்னு சொல்லுங்க. கூடு நான் அங்கயே கொண்டு வரேன்."

"பொய் சொல்லச் சொல்றியா, மாதா கோயில் வாசல்ல?"

"உங்களுக்கு எது பொய்யோ, எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு மக்காரியா ரொட்டிக் கூடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை கசில்தா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்வது அவளுக்குப் பெரிய விஷயம் இல்லை, தோற்றதுதான் தாங்கவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. திருடவில்லை என்று மட்டும் சொன்னால் அவள் ஏதோ தர்மம் பண்ணுகிற மாதிரி நாலு கூட்டைத் தூக்கிப் போடுவாள். நான்தான் கெலகெத்ஸாவாகக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால்? கொடுத்ததைக் குறையாமல் திருப்பித்தானே ஆக வேண்டும்? ஊரே வாங்கிக் கொடுத்துவிடும். மூளை வேணும்டி, மூளை.

கூட்டத்தில் குழாய் உடைந்த விவகாரம் பேசி முடித்ததும் எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், யாரும் கை கொடுக்கவில்லை.

"மக்காரியா திருடலை" என்றாள்.

சலசலப்பு அடங்க நேரமானது. தலைவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப அன்னைக்கு நீ சொன்னது?"

"பொய். கோபத்துல சொன்னது. அந்தத் தாய்க்கூடெல்லாம் நான்தான் என் கையால குடுத்தேன். கெலகெத்ஸாவா குடுத்தேன். இப்ப எனக்குத் தேவைப்படுது. அவ திருப்பித் தரணும்."

தலைவர் மக்காரியாவைப் பார்த்தார். மக்காரியா பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு கூடையை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"திருடலைன்னு சொன்னாங்களே, அது நிஜம்" என்றாள். "குடுத்தேன்னு சொன்னாங்களே, அது பொய். நான் கேட்டேன். வாசல்ல நிக்க வெச்சு, உங்கம்மா ஊர்ல போய்க் கேளுன்னாங்க. போய்க் கேட்டேன். எங்க சித்தி குடுத்தா. பஸ்ஸுல மடியில வெச்சுக் கொண்டு வந்தேன். என் கொட்டகைல இருக்கறது அத்தனையும் எங்க சித்தி வீட்டுப் பூச்சி. சந்தேகம்னா நசுக்கிப் பாக்கட்டும்."

கசில்தா கூடையில் கையை விட்டு ஒரு கூட்டைப் பிரித்தாள். அவசரத்தில் ஓலை கிழிந்தது. கொழுத்த தாய் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். சிவப்பு. நல்ல சிவப்புதான், எல்லோர் வீட்டுச் சிவப்பு. இன்னொன்றை எடுத்து நசுக்கினாள். அடுத்த கூட்டைப் பிரித்து அதிலும் ஒன்றை நசுக்கினாள். முன் வரிசையில் இருந்தவர்கள் அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த ஊரில் கண் தெரிகிற எல்லோருக்கும் அவள் வீட்டுச் சிவப்பு தெரியும்.

"எங்கப்பா பூச்சி எங்கடி?" என்றாள்.

"உங்க கொட்டகைல இருந்துச்சு. அன்னைக்கு ஒரே ஒரு கூடு குடுத்திருந்தீங்கன்னா என் கொட்டகைலயும் இருந்திருக்கும்" என்றாள் மக்காரியா. "நசுக்கினது போதும், அதெல்லாம் உசுரு. மீதிய எடுத்துட்டுப் போங்க. ஊர் முன்னாடி தரேன், கெலகெத்ஸா. எழுதிக்குங்க தலைவரே."

வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. கொடுக்க மாட்டேன் என்றாவது ஒருத்தி சொல்லியிருக்கிறாள். வாங்க மாட்டேன் என்று அந்த ஊரில் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒதிலோன்தான் கூடையைத் தூக்கி அவள் தோளில் மாட்டிவிட்டான். "அக்கா, குஞ்சு கிளம்பிடும். சீக்கிரம் குத்தணும்" என்றான். அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து மருந்து குடித்த மடல்களை ஒவ்வொன்றாக அறுத்துக் கீழே போட்டாள். பச்சைப்பசேல் என்று விழுந்தன. அதில் ஒட்டியிருந்த பூச்சிகளை ஊதினால் பறந்தன, உமி மாதிரி. அழுகினால் அழுகட்டும் என்று வேலியோரக் கள்ளியிலிருந்து புது மடல் வெட்டினாள். அதைக் கட்டப் புதுக் கயிறு வேண்டியிருந்தது. பரண் மூலையில் எப்போதோ சொருகி வைத்த கயிற்றைப் பிடித்து இழுத்தபோது, கூடவே ஒரு எலிப்படுக்கை பெயர்ந்து வந்து காலடியில் விழுந்தது. பஞ்சு, சோளத்தோகை, நடுவில் மெத்தையாகக் கடித்துக் குதறிய ஓலை. ஓலை நுனியில் ரெட்டை முடிச்சு. தாய்க்கூடு கட்ட அவள் அப்பா போடும் முடிச்சு. அவளைத் தவிர இப்போது அதைப் போடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

எலிப்படுக்கையைப் பிய்த்துப் பிய்த்துத் தேடினாள். காய்ந்த மாவுதான் இருந்தது.

பிறகு எழுந்து, கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, மக்காரியாவின் சித்தி வீட்டுத் தாய்களை மடல் மடலாகக் குத்த ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் குத்தினாள். ஆனால் ஒரு முள்கூடத் தப்பாக இறங்கவில்லை. அறுவடையில் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஊர் முன்னால் எழுதியாயிற்று.